மூணு படி கடை

உறவில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டி கட்டுவதற்கு முன்னால் லிப்ட்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுவார்கள். எங்கே தங்குவது என்று கேட்கமாட்டார்கள். அதற்கு வேறொருவர் இருக்கிறார், அவர் லட்சணத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். லிப்ட்காரரிடம் கேட்பது இரண்டே கேள்விதான். எங்கே நன்றாகச் சாப்பிடலாம், சாப்பிட்ட பிறகு ராத்திரி எந்தப் பக்கம் கலகலவென்று இருக்கும். இருபத்தாறு வருடமாகப் புதுக் கட்டடங்களுக்கு லிப்ட் பொருத்த ஊர் ஊராகப் போய்வருகிற மனிதரை விட்டுவிட்டு வேறு யாரைக் கேட்பது?

அவரும் சளைக்காமல் சொல்வார்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. உள்ள போனா இடது கைப்பக்கம் மூணு படி கீழ இறங்கணும். ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம், பார்த்து இறங்குங்க. கூரை எட்டே முக்கால் அடிதான், ஆனா புழுங்காது. நாலு தேசத்துச் சமையலும் கிடைக்கும். சாப்பிட்டுட்டு எதிர் மாடிக்கு ஏறினா பாட்டு நடந்துட்டு இருக்கும், விடிய விடிய."

படியின் உயரத்தை அங்குலத்தில் சொல்கிற மனிதர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள். மனைவியின் தம்பி அவருக்கு 'ராத்திரி ராசா' என்று பட்டமே கொடுத்துவிட்டான். டைல்ஸ் விற்கிறவன், எதையும் பளபளப்பாக்கித்தான் சொல்லுவான்.

ராத்திரி ராசா வெளியூரிலும் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார் என்பதும், அந்த மூன்று படி எந்த ஊர் சந்திலும் கிடையாது என்பதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

லிப்ட்காரர் பார்த்த ஊர்களெல்லாம் ஆறடிக்கு ஆறடி. கட்டடத்தின் நடுவில் அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை விட்டுவைத்த ஒரு குழி, அதற்குள் ஒயரில் தொங்கும் ஒரு விளக்கு, லிப்ட் பெட்டி ஏறி இறங்க இரண்டு பக்கமும் நெட்டுக்கு நிற்கும் இரும்புத் தண்டவாளம், தலையில் கொட்டுகிற சிமெண்டுத் தூள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார். எந்த ஊர்க் குழியில் தண்ணீர் கசியும், எந்த ஊர்ச் சுவர் அரை அங்குலம் சாய்ந்திருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அதை உறவில் ஒருத்தரும் கேட்டதில்லை.

சாப்பிடத் தெரியாத மனிதர் அல்ல அவர். ருசி தெரிந்த நாக்குதான். வினை வேறு இடத்தில் இருந்தது. எந்த ஊர் உணவகமானாலும் வாசலில் நிற்கிற ஆள் வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டான், முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான்.

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"ஒருத்தர்தானா?"

அந்தத் 'தானா'வைக் கேட்டால், ஏதோ வரவேண்டிய கல்யாணக் கூட்டத்தைத் தெருவில் தொலைத்துவிட்டு வந்தவர் போல லிப்ட்காரருக்குக் கூசிப்போகும். பிறகு அந்த ஆள் கையை நீட்டி ஒரு மேசையைக் காட்டுவான். அது எல்லா ஊரிலும் கைகழுவும் தொட்டியை ஒட்டிய மேசைதான். நாலு பேர் உட்காருகிற இடத்தை ஒற்றை ஆளுக்குக் கொடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? கடையில் சாப்பிட்ட அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் தலைமாட்டில் நின்று வாய் கொப்பளிப்பார்கள். சிலர் மூக்கும் சிந்துவார்கள். வலது தோளில் சாரல் அடிக்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார்.

பதினாலாவது மாடி உயரத்தில் ஒரு பலகையில் நின்றுகொண்டு போல்ட் முடுக்குகிறவர் அவர். ஆனால் அந்தத் 'தானா'வுக்கு முன்னால் அவரால் நிற்கமுடியவில்லை. ஒவ்வொரு புது ஊரிலும் முதல் நாள் சாயங்காலம் மட்டும் ஒரு முறை முயற்சி செய்து பார்ப்பார், இந்த ஊராவது வேறு மாதிரி இருக்காதா என்று. இருக்காது. மறுநாளிலிருந்து லாட்ஜ் அறையில் பன்னும் வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும்.

இதை அவர் மறைக்க நினைத்தவர் இல்லை. கல்யாணமான ஆறாவது மாதம் முதல்முறையாக வெளியூர் வேலைக்குப் போனபோது உள்ளதை உள்ளபடிதான் சொன்னார். அப்போது வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டுக்குத்தான் பேசவேண்டும். "சாப்டாச்சா?" என்று மனைவி கேட்டாள். "ஆச்சு, பன்னு" என்றார். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் பன்னு. மூன்றாவது நாள் அவள் தேம்ப ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டார் ஏழு பேரும் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு நாளாகத் தானும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அந்த ஏழு பேரில் ஒருவர் ரிசீவரை வாங்கித் தெரிவித்தார்.

நான்காவது நாள் லிப்ட்காரர், "இன்னிக்கு ஒரு கடை கண்டுபிடிச்சேன் பாரு. மூணு படி கீழ இறங்கணும்" என்றார். அன்று அவள் சாப்பிட்டாள். இப்படித்தான் அந்தக் கடை திறக்கப்பட்டது.

திறந்த கடையை மூடுவது எளிதல்ல. ஊருக்கு ஊர் ஒரு கிளை முளைத்தது. வருடங்கள் ஆக ஆக, தேம்பிய பெண் பல்லைக் கடிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க டோக்கன் கொடுத்து, வலி தாங்காதவர்களின் வசவுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, காய்ச்சலில் படுத்த மகளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும்போது போன் வரும். பாட்டுக் கேட்டுக்கொண்டே மீன் வறுவல் சாப்பிட்டதாக ஐயா சொல்லுவார். "நல்லா இருங்க" என்று வைத்துவிடுவாள். "எங்களுக்கென்ன, மத்தியானச் சோறு மிச்சம் இருக்கு" என்று சில நாள் ஒரு வரி கூடுதலாக வரும். இனிமேல் போய் அதெல்லாம் பன்னு என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். டைல்ஸ் மச்சினன் வியாபார விஷயமாக ஒரு ஊருக்குப் போனான். வழக்கம்போல மூன்று படியைச் சொல்லி அனுப்பினார். மூன்று நாளும் போன் மணி அடித்தால் லிப்ட்காரர் எடுக்கவில்லை. திரும்பிவந்தவன் நேராக வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தான்.

"என்னா கடை மாமா அது. அந்த ஓனர் இருக்காரே, பெரிய மீசை, என்னை விடவே இல்ல. இன்னும் கொஞ்சம் சாப்பிடு, இன்னும் கொஞ்சம் சாப்பிடுன்னு ஒரே அன்புத்தொல்லை."

லிப்ட்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். தெரியாத ஊரில் ஒரு மணி நேரம் சந்து சந்தாக அலைந்துவிட்டு, காலில் சேறுடன் லாட்ஜுக்கு எதிரே கிடைத்ததைத் தின்றுவிட்டு வந்தேன் என்று எந்த மச்சினன் ஒத்துக்கொள்வான்? அவனுக்குப் பிறகு போன சித்தப்பா, சகலை எல்லாருமே அந்தக் கடையில் சாப்பிட்டார்கள். சகலைக்குக் கொஞ்சம் காரம் அதிகமாம். அதன்பிறகு வழி சொல்லும்போது லிப்ட்காரரும் மீசையைச் சேர்த்துக்கொண்டார். இல்லாத கடைக்கு இல்லாத ஒரு முதலாளியும் கிடைத்துவிட்டார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். பல் மருத்துவர் தன் சொந்தப் பல்லைக் கட்டிக்கொள்வதற்காகக் கிளினிக்கைப் பத்து நாள் மூடிவிட்டு வெளியூர் போனதால் வந்தது கேடு. தன் ஊரில் யார் கையையும் அவர் நம்பவில்லை. மகள் படிக்கப் போய் விடுதியில் இருந்தாள். பத்து நாள் விடுமுறையோடு வீட்டுக்கு வந்த மனைவி, லிப்ட்காரர் பெட்டியில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"நானும் வரேன்" என்றாள்.

"அங்க உனக்குப் பொழுது போகாது."

"பகல்ல தூங்கறேன். ராத்திரிதான் விடிய விடிய பாட்டு இருக்கே. இருபத்தாறு வருஷமாக் காதாலயே சாப்பிட்டாச்சு. ஒரு நாளாவது வாயால சாப்பிடறேன்."

அந்த வார்த்தை லிப்ட்காரரைச் சரியான இடத்தில் குத்தியது. உறவு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களும் அந்தக் கடையில் சாப்பிட்டவர்கள்தானே. இவள் அப்படியில்லை. கிளினிக்கில் ராத்திரியும் பல் தேய்க்கிறேன் என்று பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள், புருஷன் சொன்னதை மட்டும் போனில் கேட்டு அப்படியே நம்பியவள். இந்த ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால் இருபத்தாறு வருடமாக அவர் சொன்ன மற்ற எதை நம்புவாள்? ரயிலில் வழி முழுக்க அவர் கண் மூடவில்லை.

போன ஊருக்கு அவர் அதற்கு முன் நான்கு முறை வந்திருந்தார். மொத்தமாகக் கூட்டினால் ஐந்து மாதம் இருந்திருப்பார். முதல் நாள் சாயங்காலமே மனைவி நல்ல உடை உடுத்தி, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனார்கள். முதல் சந்தில் ஒரு டயர் கடை இருந்தது. இரண்டாவது சந்தில் ஒரு சுவர் இருந்தது. நல்ல உறுதியான சுவர், விளம்பரம் ஒட்டாதே என்று எழுதி அதன்மேலேயே விளம்பரம் ஒட்டியிருந்தது.

"இடிச்சுட்டாங்க போலிருக்கு" என்றார்.

மனைவி நேராக டயர் கடைக்காரரிடம் போனாள். "அண்ணே, இங்க மூணு படி கீழ இறங்கிப் போற மாதிரி ஒரு சாப்பாட்டுக் கடை இருந்துச்சா?"

"நான் முப்பது வருஷமா இங்கதாம்மா இருக்கேன். இந்தப் பக்கம் கீழ இறங்கணும்னா சாக்கடைக்குள்ளதான் இறங்கணும்."

"பழைய பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன்" என்றார் லிப்ட்காரர் அவசரமாக.

பழைய பஸ் ஸ்டாண்டு அந்த ஊரின் இன்னொரு மூலையில் இருந்தது. அங்கே இரண்டாவது சந்தே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவரே நாலு பேரிடம் சாப்பாட்டுக் கடைக்கு வழி கேட்டார். ஒரு டாக்சிக்காரர் தன் மாமனார் நடத்துகிற கடைக்குக் கூப்பிட்டார். மருந்துக்கடைக்காரர் தன் தம்பி கடையைச் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செரிமான மாத்திரையையும் எடுத்து வைத்தார். மனைவிக்குப் புதுச் செருப்பு கடித்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் வெறுங்காலோடு பின்னால் வந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

லாட்ஜுக்கே திரும்பிவிடலாம் என்று குறுக்கு வழியில் நடந்தபோதுதான் அந்தத் தெரு வந்தது. மூலையில் திரும்பியதும் வெளிச்சம். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு உணவகங்கள். ஒன்றில் வாசலிலேயே மீனைக் கம்பியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் காகித விளக்குகளின் கீழ் யாரோ வேற்று நாட்டார் அவர்கள் மொழியில் கத்திக்கொண்டு மாவு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடியிலிருந்து உண்மையாகவே பாட்டு வந்தது, ஆட்கள் ஆடுகிற நிழல் ஜன்னலில் தெரிந்தது. எள் போட்டால் விழாத கூட்டம். லிப்ட்காரர் தங்கும் லாட்ஜிலிருந்து அந்தத் தெரு ஐந்து நிமிடம். அவர் பொருத்திய லிப்டிலிருந்து மூன்று நிமிடம். ஐந்து மாதத்தில் ஒரு நாளும் இடது பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை, பன் கடை வலது பக்கம் இருந்தது.

அவர் புதிதாகத் திருவிழா பார்க்க வந்தவர் போல நின்றார். மனைவி தெருவைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, பசிக்குது" என்று கூட்டம் அதிகமாக இருந்த ஒரு கடைக்குள் அவளே முதலில் நுழைந்தாள். அவர் பின்னால் போய்ப் பக்கத்தில் நின்றார். வாசலில் நின்ற ஆள் வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்" என்றார் லிப்ட்காரர்.

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த ஆள் கையை நீட்டுவதற்கு முன்னால் அவர் கால் தானாக நடந்து, கடையின் கடைசிக்குப் போய், கைகழுவும் தொட்டியை ஒட்டிய மேசையில் அவரை உட்காரவைத்துவிட்டது. வலது தோளைச் சுவர்ப்பக்கம் ஒதுக்கிக்கொண்டார், சாரல் படாமல் இருக்க. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். மனைவி வாசலிலேயே செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

மெதுவாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒருவர் வந்து வாய் கொப்பளித்துவிட்டுப் போனார்.

"எத்தனை வருஷமா இங்க உக்காந்திருக்கீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இனி பூசி மெழுக எதுவும் மிச்சமில்லை. முதல் ஊர் பன்னிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். 'தானா'வை மட்டும் அந்த வாசல் ஆட்கள் குரலிலேயே சொல்லிக்காட்டினார்.

"அப்போ அந்த மீன் வறுவல்?"

"பன்னு."

"மகளுக்கு அம்மை போட்டப்போ, எதோ ஆட்டுக்கால்னு சொன்னீங்களே?"

"அன்னிக்குப் பன்னும் இல்ல. கடை லீவு."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இருபத்தாறு வருஷம் உங்க மேல கோவப்பட்டேனே. மனுஷன் அங்க கூத்தடிக்கிறார்னு எத்தனை நாள் வயிறு எரிஞ்சு படுத்திருக்கேன். அத்தனை கோவமும் வீணாப் போச்சா? அதை நான் எங்க போய்த் திருப்பி வாங்கறது?"

"தப்புதான்" என்றார்.

"தப்பு இல்லாம? நான் அழுதேன்னு பொய் சொன்னீங்க, சரி. நான் கோவப்பட ஆரம்பிச்சப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

கோபமாக இருக்கிறவள் சாப்பிட்டுவிட்டுத்தான் கோபப்படுகிறாள், அது போதும் என்று நினைத்ததாகச் சொன்னார். அவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அப்போ என் தம்பி எந்தக் கடையில சாப்பிட்டான்?"

லிப்ட்காரர் தடுப்பதற்குள் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசையின் நடுவில் வைத்துவிட்டாள்.

"டேய் தம்பி, அன்னிக்கு மாமா சொன்ன மூணு படி கடைக்குப் போனியே, எப்படி இருந்துச்சு?"

"அடடா, அக்கா, அதை ஏன் கேக்கற. இன்னும் நாக்குலயே நிக்குது. அந்தப் படி மட்டும் கொஞ்சம் வழுக்கும்."

"நாங்க இப்ப அந்தக் கடையோட வேற ஊர்க் கிளையிலதான் இருக்கோம். அதே மீசைக்காரர்தான் இங்கயும் நிக்கிறார். உன்னைக் கேட்டார்."

மறுமுனையில் ஓர் இருமல் கேட்டது.

"கேப்பார், கேப்பார்" என்றது போன். "என்னை எப்படிக்கா மறப்பார்?"

போனை வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், கைகழுவ வந்த ஒருவர் பின்வாங்கினார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்ற ஆளிடம் போய், "நாங்க ரெண்டு பேர். ஜன்னல் பக்கம் குடுங்க" என்றாள். அவன் கொடுத்தான். அவ்வளவுதான் விஷயம். இருபத்தாறு வருடம் ஒரு மனிதர் பயந்த சங்கதி அவ்வளவு சுலபமாக இருந்ததில் லிப்ட்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

சுட்ட மீன், ஏதோ ஒரு தேசத்துச் சூப், இன்னொரு தேசத்து ரொட்டி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் வரவழைத்தார்கள். மேல்மாடிப் பாட்டுக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோது மணி ஒன்பதே கால். ராத்திரி ராசா கொட்டாவியை அடக்கமுடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மிச்ச நாள் முழுக்க இதே கதைதான். பாட்டு ஜன்னல்வரை வந்தது, அவர்கள் அதுவரை போகவில்லை.

அடுத்த வேலை வேறொரு புது ஊரில் வந்தது. கிளினிக் திறந்துவிட்டதால் தனியாகத்தான் போனார். முதல் நாள் சாயங்காலம் சரியாக ஏழரைக்குப் போன்.

"எங்க இருக்கீங்க?"

"ஒரு கடை வாசல்ல."

"நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? போனை வைக்காதீங்க. அப்படியே பையில போட்டுட்டு உள்ள போங்க."

உள்ளே போனார். "எத்தனை பேர்?" என்று கேட்ட ஆள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு பேர்" என்றார் லிப்ட்காரர். சட்டைப்பை லேசாகச் செருமியது. "இன்னொருத்தர் வந்துட்டே இருக்காங்க."

தெருவைப் பார்த்த மேசை கிடைத்தது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர். போனை எடுத்து எதிர்த் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார். சூப் வந்தது. ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றது போன்.

பழைய பழக்கத்தில் 'பிரமாதம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"ஆறிப்போயிருக்கு. உப்பும் இல்ல."

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் அவள். தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. அவளும் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.